தைத்த கத்தரிக்காய், ஒட்டிய கத்தரிக்காய்

கத்தரிச் செடிக்கும் செடிக்கும் நடுவே இரண்டடி இடம் விட வேண்டும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டடி என்றால் சும்மாவா? இரண்டு சதுர அடித் தோல் கொடுத்தால் ஒரு ஜோடி லேடீஸ் ஷூவுக்கு மேல்பாகம் மொத்தமும் வெட்டிக் கொடுப்பேன் நான். அவ்வளவு இடத்தைச் சும்மா வெயிலுக்குக் காட்டச் சொல்கிறாரே இந்த மனுஷன் என்று வயிறு எரிந்தது.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில், மீசை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். தோலை மேஜையில் விரித்து, ஓட்டை, கீறல், தழும்பு எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் ஷூ பாகங்களின் அச்சுகளை நெருக்கி நெருக்கி அடுக்க வேண்டும். ஓர் அச்சின் வளைவுக்குள் இன்னொன்றின் மூக்கு போய் உட்கார வேண்டும். நடுவில் விரல் நுழைந்தால் சூப்பர்வைசர் முகம் கோணும். ‘வேஸ்டேஜ் கம்மி’ என்று அங்கே யாரைச் சொன்னாலும் அது என்னைத்தான். வீட்டில் தோசைக்கல்லில்கூட ஒரே நேரத்தில் மூன்று தோசை ஊற்றி, நடுவிலிருக்கும் இடைவெளியில் ஒரு குட்டித் தோசையும் போடுவேன். என் மனைவிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் வந்தது. தோலைப் படம் பிடித்து, அச்சுகளை அதுவே திரையில் அடுக்கிவிடும். என்னைவிட நெருக்கமாக அடுக்கியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்களை மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்: ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு, ஒரு குரூப் போட்டோ. போட்டோவிலும் எங்களை நெருக்கி நெருக்கித்தான் நிற்க வைத்தார்கள்.

என் மனைவி அதே கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். அவளுக்கு வேலை இருந்தது. காலையில் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அவளை ஏற்றிவிட்டு வந்து நான் டிவி முன்னால் உட்காருவேன். சாயந்தரம் அவள் திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பேன். எந்த சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று அவளுக்குச் சொல்வேன். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விடுவாள். எனக்கு உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. அதை மறைக்க சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அந்த செல்போன்காரர் வந்து சேர்ந்தார். தரைக்கு மேலே பலகையால் பெட்டி கட்டி, மண் நிரப்பி, அதில் காய்கறி போடுவது எப்படி, புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது நம் ஊருக்காகவே சொன்னது போல இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. ஆனால் மழை பெய்து காய்ந்தால் தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்த மண்ணில் எருக்கஞ்செடி முளைத்தாலே அதைப் பாராட்ட வேண்டும். மண்ணே வெளியிலிருந்து வந்து பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் தரையின் உப்பு நம்மை என்ன செய்யும்?

பழைய இரும்புக் கடையில் கண்டெய்னருக்குச் சாமான் அடுக்கும் மரப்பலகைகள் கிடைத்தன. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்டுகிற அகலத்தில், முழங்கால் உயரத்தில் பெட்டி கட்டினேன். உள்ளே கால் வைத்து மிதிக்கவே கூடாது, மண் இறுகிவிடும் என்று செல்போன்காரர் சொல்லியிருந்தார். களை மேலே வராமலிருக்க அடியில் அட்டை பரப்பச் சொன்னார். எங்கள் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? பரணெல்லாம் ஷூ பெட்டிதான். அதன்மேல் செம்மண், பால்காரர் கொட்டகையிலிருந்து மக்கிய சாணம், தேங்காய் நார்த்தூள் எல்லாம் கலந்து கொட்டினேன். போர் தண்ணீர் கூடாது என்று பஞ்சாயத்துக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன்.

சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய மனைவி, பின்கட்டுக்கு வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, சமாதி மாதிரி? யாரைப் பொதைக்கப் போறீங்க?”

“காய்கறிப் பெட்டி.”

“தலமாட்டுல ஒரு கல்லு நட்டா முடிஞ்சிது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் அன்றைக்கு அவள் டப்பா கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

முதலில் முளைக்கீரை போட்டேன். விதையை மணல் கலந்து அடர்த்தியாகத் தூவினேன். கீரை, ரேஷன் கடை வரிசை மாதிரி முண்டியடித்துக்கொண்டு வந்தது. பறிக்கப் பறிக்க வந்தது. கீரைக் கடைசல், கீரைப் பொரியல், கீரை வடை என்று போய், கம்பெனியில் தோழிகள் “வூட்ல மாடு எதுனா வெச்சிருக்கியா?” என்று கேட்கும்வரை என் மனைவி டப்பாவில் கீரைதான் கொண்டு போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீரைக்கு நெருக்கம் ஒத்துக்கொள்ளும், மற்றதற்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்த செல்போன்காரர் சொன்ன இடத்தில் நான் வீடியோவைத் தள்ளி ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது. நெருக்கி அடுக்கினால் ஜெயிக்கலாம், நான் கம்பெனியில் கற்றது மண்ணிலும் செல்லுபடியாகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் மச்சான் வந்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. மாதனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சொந்தமாகப் பயிர் வைப்பவன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே என்ன வரும், என்ன வராது என்று சொல்லிவிடுவான். அதைவிட வேகமாகக் கேலியும் பேசுவான். அவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பிராய்லர் கோழி வளர்க்க வேண்டும். எங்கள் வீடு டவுனுக்குப் பக்கம். சுற்றிலும் பிரியாணிக் கடைகள். எனவே எங்கள் பின்கட்டில் ஒரு ஷெட் போட்டால் கோழி நடந்தே கடைக்குப் போய்விடும் என்றான்.

“மாமாவும் சும்மாதான இருக்காரு, பாத்துப்பாரு” என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

பின்கட்டு என்றால் என் பெட்டி இருக்கும் அதே இடம்தான். வேறு இடம் கிடையாது. அந்த ‘சும்மாதான’ என்ற சொல் என்னைக் குத்தியது. கோழி நாற்றத்துக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தீனி போட்டு, எண்ணி அனுப்பி, அப்படியே என் மிச்சக் காலம் போய்விடும் என்று தெரிந்தது. அந்தப் பெட்டி போனால் எனக்கென்று செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் என் மனைவி, தம்பி கேட்டு இல்லையென்று சொன்னவள் கிடையாது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கம்பெனியில் தகராறு தீர்க்கும் குரலில் பேசினாள்.

“காணும் பொங்கலுக்கு நீ வா. நான் பிரியாணி செய்யறேன். தொட்டுக்க கத்தரிக்கா இவரு பெட்டியில இருந்து வரணும். ஒரு சட்டிக்கு காய் வந்தா எடம் இவருக்கு. வரலன்னா உனக்கு.”

“கடையில வாங்கி சட்டியில போட்டுட்டா?” என்றான் மச்சான். “செடியில இருந்து பறிக்கறத நான் கண்ணால பாக்கணும்.”

“பாரு” என்றேன் நான், கீரை கொடுத்த திமிரில்.

எங்கள் ஊரில் கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணி வைத்தால் அது விருந்தில் சேராது. புளிப்பும் காரமுமாக எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய் இலையில் ஓரமாக விழுந்தால்தான் கை பிரியாணிக்குப் போகும். ஆகவே பந்தயம் லேசானதல்ல. இலவம்பாடி முள்ளுக் கத்தரி நாற்றுதான் வாங்கினேன். ஊதா நிறத்தில் பளபளவென்று, காம்பிலும் இலையிலும் முள்ளோடு வரும் நம் பக்கத்துக் கத்தரி. தீபாவளிக்கு முந்தைய வாரம் பெட்டிக்குள் நட்டேன்.

எப்படி நட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். வீடியோக்காரரின் இரண்டடியை நான் மதிக்கவில்லை. ஒரு செடியின் இலை விரியும்போது அதன் வளைவுக்குள் அடுத்த செடியின் இலை போய் உட்காரும்படி, வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, பழைய அட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்து, ஒரு விரல் இடம்கூட வீணாகாமல் நட்டேன். ஓர் ஓரத்தில் ஒரு நாற்று மட்டும் பட்டுப்போய்க் குழி காலியாக நின்றது. அந்தக் காலி இடம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றபடி அந்தப் பெட்டியை யாராவது மேலேயிருந்து படம் பிடித்திருந்தால் கம்ப்யூட்டர் மெஷினே வெட்கப்பட்டிருக்கும்.

செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. இலை என்றால் அப்படி ஓர் இலை. பூச்சி ஓட்டை போட்டால் விடுவேனா? காலையில் எழுந்ததும் சில்வர் பேனாவோடு போய், ஓட்டை விழுந்த இடத்தையெல்லாம் வட்டம் போடுவேன். மறுநாள் வட்டமில்லாத ஓட்டை இருந்தால் அது ராத்திரி வந்த புதுப் பூச்சியின் வேலை. வேப்பெண்ணெய் கரைத்து அடிப்பேன். இலையெல்லாம் வெள்ளி வட்டத்தோடு மின்னியது. பால்காரர் பார்த்துவிட்டு, “இன்னா சார், இது புது ஜாதியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூவும் வந்தது. ஊதாப் பூ. என் மனைவி வேலைக்குப் போகும் அவசரத்திலும் பின்கட்டுக்கு வந்து பூவை எண்ணிவிட்டுப் போவாள். ஆனால் பூ ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று விழுந்தது. காய் பிடிக்கவில்லை. நான் சாணம் வைத்தேன், சாம்பல் வைத்தேன், கடலைப் புண்ணாக்கு ஊற வைத்து ஊற்றினேன். செடிகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் இலையாகவே திருப்பிக் கொடுத்தன. உள்ளே கை விட இடமில்லை. விட்டால் முள் குத்தும். மார்கழியும் முடிந்துகொண்டிருந்தது. போகிக்குப் பழைய பாயைக் கொளுத்தும்போது என் மானமும் சேர்ந்து புகைவது போல இருந்தது.

“கோழி வந்தா முட்டையாவது கெடைக்குமா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“பிராய்லர் முட்ட போடாது” என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

காணும் பொங்கல் அன்று காலையில் புதினா வாங்கப் போகிறேன் என்று மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். புதினாவும் வாங்கினேன். கூடவே, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு பை கத்தரிக்காயும் வாங்கினேன். கடைக்காரர், “பிரியாணியா?” என்று கேட்டுச் சிரித்தார். திருடனைப் போலக் காய்ப் பையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். மனைவி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று பெட்டியருகே போனேன்.

செடியில் காய் தொங்கியது.

என் கண்ணை நான் நம்பவில்லை. இங்கொன்று, அங்கொன்றாக, பளபளவென்று, முள்ளோடு, அசல் இலவம்பாடிக் கத்தரி. நேற்று இல்லாதது இன்று எப்படி என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கடலைப் புண்ணாக்கு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். சட்டைக்குள் கடைக்காயோடு நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து ஒரு காயை மெதுவாகத் தொட்டேன்.

காம்பு சேரும் இடத்தில் பச்சை நூல் இருந்தது.

சாதாரண நூலல்ல. ஷூ மேல்பாகம் தைக்கும் நைலான் நூல், தண்டின் பச்சைக்கே பொருத்தமாகப் பார்த்து எடுத்த பச்சை. காம்பையும் தண்டையும் சேர்த்து ஊசியால் தைத்து, முடிவில் திரும்பவும் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு, நூல் முனை பிரியாமலிருக்க லைட்டரால் சுட்டு உருட்டி விட்டிருந்தது. பக்கத்து முள் ஒன்று லேசாகக் கருகியிருந்தது. கம்பெனியில் இப்படி முனையைச் சுடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கத்தரிக்காயைக்கூட ரிஜெக்ட் ஆகாத மாதிரி தைக்கிற ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தீர்ப்பு சொன்னவளே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். தம்பிக்கு எதிராக, என் பக்கம் சாய்ந்துவிட்டாள். அந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். காய்களை எண்ணிப் பார்த்தால் சட்டியின் அடிகூட நிறையாது. முள்ளுக்கு நடுவே கை விட்டு அதற்குமேல் அவளால் தைக்க முடிந்திருக்காது. மிச்சத்தை நான்தான் நிரப்ப வேண்டும்.

எனக்கு ஊசி பிடிக்க வராது. கட்டிங்காரனுக்குத் தையல் எதற்கு? ஆனால் ஷூ என்றால் தைப்பது மட்டுமா, ஒட்டுவதும் உண்டே. செருப்பு ஒட்ட வீட்டில் எப்போதும் சொல்யூஷன் டப்பா இருக்கும். தண்டில் ஒரு பூச்சு, காம்பில் ஒரு பூச்சு, வாயால் ஊதிக் கொஞ்சம் காய விட்டு, அழுத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டது. முறைப்படி செய்தால் சொல்யூஷன் கைவிடாது என்று பெருமையாக இருந்தது. வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த கிளைகளிலெல்லாம் மளமளவென்று ஒட்டினேன். குழாயடியிலிருந்து குடம் வரும் சத்தம் கேட்டது. டப்பாவை மறைத்துவிட்டு, புதினாவைக் கையில் பிடித்தபடி நல்ல பிள்ளையாக அடுப்படிக்குப் போனேன்.

அவள் விரல் நுனிகளில் முள் குத்திய சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நான் பார்த்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என் மேலும் ஏதோ வாசனை வந்திருக்க வேண்டும். அவள் மூக்கைச் சுருக்கிவிட்டு, வெங்காயம் வெட்டப் போய்விட்டாள். நான் புதினாவை ஆயத் தொடங்கினேன்.

மச்சான் உச்சி வெயிலில் வந்தான். அவன் வீட்டில் மற்றவர்கள் வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டார்களாம். இவன் மட்டும் கையில் அளவு டேப்போடு வந்திருந்தான். பிரியாணி தம்மில் இருந்தது. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பின்கட்டுக்குப் போனோம்.

தூரத்திலிருந்து பார்த்ததும் மச்சான் நின்றுவிட்டான். “மாமா!” என்றான். டேப்பைச் சட்டைப்பையில் போட்டான். எனக்கு அந்த ஒரு நொடி போதும், கம்பெனியில் கொடுத்த சால்வையெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அப்போது யாரும் தொடாமலே ஒரு கத்தரிக்காய் பலகையில் விழுந்து உருண்டது.

“இன்னா மாமா, தானா உழுது?”

“முத்திடுச்சி” என்றேன்.

இன்னொன்று விழுந்தது. அதன் பின்னால் இரண்டு சேர்ந்து விழுந்தன. வெயிலில் சொல்யூஷன் இளகிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்டில் ஈரம் இருக்கும், ஒட்டு நிற்காது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஈரத் தோலில் ஒட்டாதே என்று எத்தனை பேரை நானே திட்டியிருக்கிறேன். மச்சான் குனிந்து ஒரு காயை எடுத்து முகர்ந்தான். எங்கள் பக்கத்தில் அந்த வாசனை தெரியாத ஆள் கிடையாது. பிறகு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“செடியில முள்ளு இருக்குது. காயில முள்ளு இல்லியே மாமா?”

என் மானம் போன இடம் அதுதான். ஷேடு மேட்சிங் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு ஜோடியில் இடதுக்கும் வலதுக்கும் நிறம் துளி மாறினாலும் ஒதுக்கி வைப்பேன். அவசரத்தில் மார்க்கெட்டில் வழவழப்பான சாதாக் கத்தரியை வாங்கி வந்திருக்கிறேன். என் மனைவி விழுந்த காய்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது.

“ஒட்றதுக்கு முன்னாடி முள்ளு இருக்குதான்னு பாக்க மாட்டீங்களா?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

மச்சான் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். பிறகு முள்ளுள்ள காய் ஒன்றைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். கிளை மொத்தமும் காயோடு வந்தது, தையல் விடவில்லை. நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“அக்கா, இது உன் கைதான?”

அவள் விரல்களைத் தாம்பாளத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

“தைச்சாச்சி, ஒட்டியாச்சி” என்றான் அவன். “லேஸ் கட்டி பாலிஷ் போட்டா கண்டெய்னர்ல ஏத்திடலாம்.”

அவன் சிரிக்க ஆரம்பித்தது பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும்வரை போனது. எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

“இன்னாக்கா?”

“எடத்த நீயே எடுத்துக்கோடா” என்றாள். “ஏமாத்தி ஜெயிச்சா அது ஜெயிச்சதா? ஆனா ஒண்ணு சொல்றேன். இவர காலையில வூட்ல உட்டுட்டு போறப்போ பஸ் ஜன்னல்ல திரும்பித் திரும்பி பாத்துட்டே போவேன். சாயந்தரம் பஸ்ஸ உட்டு எறங்கி வந்தா அதே நாற்காலியில, அதே மாதிரி இருப்பாரு. உயிரு இருக்குதான்னு கிட்ட வந்து பாத்துட்டுதான் செருப்ப கழட்டுவேன். இந்தப் பெட்டி வந்தப்புறம் கையெல்லாம் மண்ணோட வாசல்ல வந்து நிக்கறாரு. எனக்கு அது போதும். காயே வேணாம்.”

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சில்வர் வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் டப்பா கழுவப் போனவள் மனதில் இவ்வளவு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. குனிந்து, விழுந்து கிடந்த காய்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

மச்சான் அவள் கையை இழுத்து விரல்களைப் பார்த்தான். “கோழிக்காக நீ இப்டி முள்ளுல கைய குத்திக்க மாட்ட” என்றான். பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினான். “கோழி எங்க ஊர்லயே இருக்கட்டும். மாமா, இங்க வா. இது இன்னா நடவு? கம்பெனி பஸ்ல நிக்கறா மாதிரி நிக்குது செடி. இதுல காத்து எங்க போவும், வெயில் எங்க போவும், தேனீ எங்க போவும்?”

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டான். எனக்குப் பல்லைப் பிடுங்கியது போல இருந்தது. ஒன்று விட்டு ஒன்று, மறுபடி ஒன்று விட்டு ஒன்று என்று பிடுங்கிக்கொண்டே போனான். என் அடுக்கு மொத்தமும் பல் போன வாயாகிவிட்டது. கடைசியாக, நாற்று பட்டுப்போய்க் குழி காலியாக நின்றதே, அந்த ஓரத்துக்கு வந்தான். பக்கத்துச் செடியின் இலையை ஒதுக்கினான். உள்ளே, நிழலில், ஒரு கத்தரிக்காய் தொங்கியது. கட்டைவிரல் அளவுதான். முள் இருந்தது. நூல் இல்லை. அவன் முகர்ந்தும் பார்த்தான், வாசனையும் இல்லை.

“இது யாரு வேல?” என்றான் சந்தேகமாக, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து.

என் கண்ணை உறுத்திய வேஸ்டேஜ்தான் அதைக் கொடுத்திருந்தது.

அன்றைக்குக் கத்தரிக்காய்க்குப் பஞ்சமில்லை. சொல்யூஷன் பட்ட காம்பை வெட்டியெறிந்தோம். என் மனைவி நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வந்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். கட்டைவிரல் கத்தரியை முழுசாகவே குழம்பில் போட்டாள். பரிமாறும்போது கரண்டியால் தேடி எடுத்து என் இலையில் வைத்தாள். நான் அதை மூன்றாகப் பிய்த்தேன். மச்சான் தன் பங்கை வாயில் போடுவதற்கு முன், பல்லில் நூல் மாட்டுகிறதா என்று ஜாக்கிரதையாகக் கடித்துப் பார்த்தான். காரம் அதிகம் என்றான். ஆனால் இரண்டாவது முறையும் பிரியாணி கேட்டான்.

இப்போது எங்கள் பெட்டியில் செடிக்குச் செடி இரண்டடி இடம் விட்டிருக்கிறேன். காய் பிடிக்கிறது. பால்காரருக்குக்கூடக் கொடுக்கிறேன். அந்தக் காலி இடத்தைப் பார்த்தால் இன்னமும் கை பரபரக்கும், ஒரு வெந்தயக்கீரையாவது தூவலாமா என்று. ஆனால் தோசைக்கல்லில் ஒரு குட்டித் தோசை கூடுதலாக ஊற்றி அடக்கிக்கொள்கிறேன்.

பெட்டியில் தினமும் வேலை இருக்காது. தண்ணீர் ஊற்றிவிட்டால் சில நாள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் நானும் மனுஷன்தானே, நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுண்டு. ஆனால் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்து ஓடுவேன். இரண்டு கையையும் பெட்டி மண்ணில் மணிக்கட்டுவரை விட்டுப் புரட்டிக்கொண்டு, முழங்கையிலும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு, வாசலில் போய் நிற்பேன். அவள் தூரத்திலிருந்தே என் கையைப் பார்ப்பாள். அருகில் வந்ததும், மண்ணில் ஈரம் இல்லையே என்பதையும் பார்ப்பாள். நல்ல தையல்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? உள்ளே போய் சோப்பை எடுத்து வந்து என் கையில் கொடுப்பாள்.